எந்தப் படியில் நிற்கிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, நைட்ரைல் என்ற வேதிப்பொருள் வகையைத் தின்னும் பாக்டீரியாக்களைப் பற்றிப் போன இதழில் நான் எழுதிய நாலு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. மீதிப் பாதி, வழி மறப்பதைப் பற்றி. இரண்டையும் தனித்தனியாகத்தான் எடுத்து வைத்திருந்தேன். கடைசியாக வந்த ஒரு கடிதம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே தருகிறேன்.

கேள்வி: நைட்ரைலுக்குள் சயனைடு இருக்கிறது என்று படித்தேன். பாக்டீரியா அதை உடைத்தால் சயனைடு வெளியே வந்துவிடாதா? (உயிர்தொழில்நுட்பம் படிக்கும் மாணவி)

பதில்: நியாயமான பயம். நைட்ரைலில் ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டிருக்கும். அந்த ஜோடி அப்படியே கழன்று வந்தால் அதுதான் சயனைடு. நம் உடம்புக்குள் பல நைட்ரைல்களுக்கு இதுதான் நடக்கிறது. ஆய்வுக்கூடங்களில் புழங்கும் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் உள்ளே போய்விட்டால், ஈரல் அதை மெதுவாக ஆக்சிஜனேற்றம் செய்யும். சயனைடு கழன்று வரும். மெதுவாக நடப்பதால் விஷத்தின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதை விழுங்கிய ஒருவர் நன்றாகத்தானே பேசிக்கொண்டிருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பவே கூடாது.

பாக்டீரியா போகும் வழி வேறு. அது ஜோடியைக் கழற்றுவதில்லை, அதன் மேல் தண்ணீரைச் சேர்க்கிறது. நைட்ரிலேஸ் என்ற நொதி ஒரே மூச்சில் நைட்ரைலை அமிலமாகவும் அம்மோனியாவாகவும் மாற்றிவிடும். இன்னொரு வகை பாக்டீரியாக்கள் இதே வேலையை இரண்டு படியாகச் செய்கின்றன. முதல் படியில் நைட்ரைல் ஹைட்ரேடேஸ் ஒரு தண்ணீர் மூலக்கூறைச் சேர்த்து அமைடு ஆக்கும். அடுத்த படியில் அமிடேஸ் வந்து அந்த அமைடை அமிலமாகவும் அம்மோனியாவாகவும் பிரிக்கும். இந்த இரண்டு வழியிலும் சயனைடு தலைகாட்டுவதில்லை.

இந்த இரண்டு படி விஷயத்தை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை, தப்பு செய்துதான் கற்றேன். படிக்கும் காலத்தில், மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியாக்களில் எது நைட்ரைலை உடைக்கிறது என்று தேடுவது என் வேலை. 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு பாக்டீரியா, கொஞ்சம் நைட்ரைல். சில மணி நேரம் கழித்து ஃபீனாலும் ஹைப்போகுளோரைட்டும் சேர்த்தால், அம்மோனியா உள்ள குழி நீலமாக மாறும். முதலில் பச்சை கலந்தாற்போல் ஆரம்பித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைத்துளி மாதிரி ஆழமாகும். நீலக் குழிகளை எடுத்து வைத்தேன். நிறம் மாறாதவற்றை, வேலை செய்யாதவை என்று கழுவிக் கொட்டிவிட்டேன். இரண்டு வாரம் இப்படியே போனது. அப்புறம் என் வழிகாட்டி அதே மாதிரி நிறமில்லாத ஒரு குழியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வேறு கருவியில் ஓட்டினார். நைட்ரைல் துளிகூட மிச்சமில்லை, எல்லாம் அமைடாகியிருந்தது. அந்த பாக்டீரியா வேலையை முடித்துவிட்டு முதல் படியில் நின்றிருந்தது. அம்மோனியா இரண்டாவது படியில்தான் வரும், நான் அதை மட்டும்தான் தேடியிருக்கிறேன்.

முதல் படியில் நிற்பதுதான் சில இடங்களில் பெரிய வரம். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் யமதா ஹிதேஅகியின் குழு நைட்ரைல் ஹைட்ரேடேஸை அடையாளம் கண்டது 1980இல். 1985இலேயே அங்கே ஒரு நிறுவனம் பாக்டீரியாவை வைத்து அக்ரிலோநைட்ரைலிலிருந்து அக்ரிலமைடு தயாரிக்கத் தொடங்கிவிட்டது. 1991இலிருந்து அந்த வேலைக்கு வந்த ரோடோகாக்கஸ் ரோடோக்ரஸ் ஜே1 என்ற இனத்துக்குக் கோபால்ட்டும் யூரியாவும் கொடுத்து வளர்த்தால், செல்லுக்குள் கரைந்திருக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரே நொதியாக இருக்கும். ஒரு உயிர் தன் கரைந்த புரதத்தில் பாதியை ஒரே வேலைக்கு ஒதுக்குவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. முன்பு செம்பு வினையூக்கியோடு அதிக வெப்பத்தில் செய்த வேலையை, இது 10 டிகிரிக்குக் கீழே, குளிர்ந்த தண்ணீரில் செய்கிறது. அந்த அக்ரிலமைடைக் கோத்துச் செய்யும் பாலிமர்தான் கழிவுநீர் சுத்திகரிப்பில் அழுக்கைத் திரட்டிப் படிய வைக்கிறது.

அதே முதல் படியில் நிற்பது வேறு இடத்தில் தொல்லை. டைக்ளோபெனில் என்று ஒரு களைக்கொல்லி, அதுவும் நைட்ரைல்தான். மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அதை அமைடாக்கிவிடும். ஆனால் பக்கத்திலேயே இரண்டு குளோரின் அணுக்கள் இருபுறமும் நெருக்கிக்கொண்டு நிற்பதால், பெரும்பாலான அமிடேஸ்களால் அந்த அமைடை அண்ட முடியாது. பாம் (BAM) என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மிச்சம் தண்ணீரில் எளிதாகக் கரைந்து நிலத்தடிக்கு இறங்கிவிடும். டென்மார்க்கில் குடிநீருக்கான பல கிணறுகளை மூடியது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிநீரில் ஒரு பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ அதன் மிச்சமோ லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. களைக்கொல்லி மண்ணிலிருந்து மறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், என்னவாக மாறி மறைந்தது என்று கேளுங்கள். அமினோபாக்டர் எம்எஸ்எச்1 என்ற பாக்டீரியா இந்தப் பாமையே உணவாக எடுத்துக்கொள்கிறது. அதைத் தண்ணீர் வடிகட்டிகளில் குடியேற்றும் முயற்சிகளை நான் ஆசையோடு பின்தொடர்கிறேன்.

கேள்வி: நைட்ரைல் கையுறைகளை இந்த நொதிகள் தின்றுவிடுமா?

பதில்: தின்னாது. நொதிக்கு எட்டுவது கையுறையின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நைட்ரைல் முனைகள் மட்டும். அவற்றை மாற்றினாலும், ரப்பரின் முதுகெலும்பான கார்பன் சங்கிலி அப்படியே இருக்கும். அக்ரிலிக் இழையின் மேற்பரப்பை இப்படி மாற்றி, சாயம் நன்றாகப் பிடிக்க வைக்க முயன்றிருக்கிறார்கள். அதைச் சிதைவு என்று சொல்ல முடியாது.

கேள்வி: வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் நொதி என்று எழுதியிருந்தீர்கள். பாக்டீரியாவுக்குக் கண்ணா இருக்கிறது?

பதில்: கண் இல்லை, இரும்பு இருக்கிறது. ஜே1இல் உள்ளது கோபால்ட் வகை. ரோடோகாக்கஸில் வேறு சில இனங்களில் இரும்பு வகை ஹைட்ரேடேஸ் உண்டு. இருட்டில் நைட்ரிக் ஆக்சைடு அந்த இரும்பின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும், நொதி முடங்கிவிடும். வெளிச்சம் பட்டதும் அது கழன்றுபோகும், நொதி எழுந்துகொள்ளும். இருட்டில் வைத்த செல்கள் செத்துவிட்டன என்று தூக்கிப் போடுவதற்கு முன் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. வண்டி ஓட்டியே வாழ்க்கையைக் கழித்தவர். இப்போது பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டுத் திரும்ப வழி தெரியாமல் நிற்கிறார். ஆனால் இளம் வயதில் இருந்த ஊரின் ஒவ்வொரு திருப்பத்தையும் துல்லியமாகச் சொல்கிறார். அண்ணன், "எல்லாம் நடிப்பு" என்கிறார். உண்மையா?

பதில்: நடிப்பு இல்லை அம்மா. அண்ணனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இடத்தை நினைவில் வைப்பது ஒரே வேலை போலத் தெரிகிறது, ஆனால் அதற்குள் பல படிகள். மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்கள் இருப்பதை 1971இல் ஜான் ஓ'கீஃப் எலிகளில் கண்டார். தலை எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் செல்கள் தனி. ஹிப்போகேம்பஸின் வாசலான என்டோரைனல் புறணியில், தரை முழுவதும் முக்கோண அடுக்காகப் புள்ளி வைத்தது போல் துடிக்கும் செல்களை 2005இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழு கண்டது. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அல்சைமர் நோய் முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று அந்த வாசல்தான். பெயர், தேதி மறப்பதற்கு முன்பே சிலருக்கு வழி தடுமாறுவது அதனால்தான்.

புதிய வரைபடம் போடுவதற்கு ஹிப்போகேம்பஸ் வேண்டும். பழையது? மருத்துவ இலக்கியத்தில் ஈ.பி. என்று குறிப்பிடப்படும் ஒருவருக்கு மூளைத்தொற்றால் இரண்டு பக்க ஹிப்போகேம்பஸும் அழிந்துபோயின. இளமையில் வாழ்ந்து, பிறகு விட்டுவந்த பகுதியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டபோது சரியாகச் சொன்னார். முக்கியச் சாலை அடைபட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்றதற்கு மாற்று வழியும் சொன்னார். நோய்க்குப் பிறகு குடிவந்த வீட்டைச் சுற்றி ஒன்றுமே தெரியவில்லை. டெங், ஸ்குவையர் இருவரும் இதை 1999இல் வெளியிட்டார்கள். உங்கள் அப்பா சொல்வதைப் போலவே இருக்கிறது, பாருங்கள்.

என் அம்மாவும் இப்படித்தான். என்னோடு இருக்க வந்து நாலு வருடம். இரவில் எழுந்தால் கழிவறைக்குப் பதில் அலமாரிக் கதவைத் திறந்துவிட்டு, துணிகளைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நான் கோபப்பட்டிருக்கிறேன், "தினமும் போகிற இடம்தானே" என்று. ஒரு நாள் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், சின்ன வயதில் இருந்த வீட்டை வரைந்து காட்டினார். மாடிப்படி எங்கே திரும்பும், எந்த ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, எல்லாம் வந்தது. பதினோரு படி வரைந்து, எட்டாவதில் பென்சிலை அழுத்தி, "இது மட்டும் சத்தம் போடும்" என்றார். இப்போது உட்கார்ந்திருக்கும் அறையை வரையச் சொன்னேன். கட்டிலை வரைந்தார். பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. அந்தத் தாளை வைத்திருக்கிறேன். நிறம் மாறாத குழிகளை நான் கொட்டியது அன்றைக்கு ஞாபகம் வந்தது.

அப்பாவை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கண்பார்வை இவையும் வழி தடுமாற வைக்கும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. அதுவரை வீட்டில் பொருட்களை இடம் மாற்றாதீர்கள். வெளியே போனால் ஒரே வழியில், ஒரே பக்கமாக நடக்கட்டும். ஹிப்போகேம்பஸ் பெருமளவு அகற்றப்பட்ட ஹென்றி மொலைசன், அறுவைக்குப் பிறகு குடிபோன வீட்டின் அமைப்பைச் சரியாக வரைந்தார். வருடக்கணக்கில் அதற்குள்ளேயே நடந்து நடந்து ஏறிய அறிவு அது. எங்கள் வீட்டில் கழிவறைக் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே விளக்கை இரவெல்லாம் எரியவிட்டோம். அம்மா அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் போய்விடுகிறார். அலமாரிக்குப் போவது அநேகமாக நின்றுவிட்டது.

கேள்வி: கைபேசி வரைபடம் பார்த்தே போனால் மூளை மழுங்குமா?

பதில்: பயன்படுத்தாத படி பலம் பெறாது என்பது வரைக்கும் சரி. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகக் கற்றுத் தேர்வு எழுத வேண்டும். தேறியவர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி, பயிற்சிக்கு முன் இருந்ததைவிடப் பெரிதாகியிருந்ததை எலினர் மக்வயரின் குழு 2011இல் காட்டியது. தேறாதவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை. போகும்போது வரைபடம் பாருங்கள், திரும்பும்போது பையில் போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: நைட்ரைல், வழி மறதி இரண்டைப் பற்றியும் எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு நோய்க்குப் பின் உள்காது இரண்டும் பாதித்து, இருட்டில் நடக்கவே முடியவில்லை. பழகிய கட்டடத்திலும் திசை குழம்புகிறது. நினைவாற்றல் போய்விட்டதா?

பதில்: முடிச்சுப் போட்ட கடிதம் இதுதான்.

இமினோடைபுரோப்பியோநைட்ரைல் என்று ஒரு நைட்ரைல் உண்டு. அதை எலிகளுக்குக் கொடுத்தால் தலையை ஆட்டிக்கொண்டு வட்டமாகச் சுற்றும், பின்னோக்கி நடக்கும். மூளைக்கோளாறு என்றே பல காலம் நினைத்தார்கள். பார்த்தால், உள்காதில் ஈர்ப்பையும் சுழற்சியையும் உணரும் மயிர்செல்கள் அழிந்திருந்தன. நல்ல எலியை வாலைப் பிடித்துத் தூக்கினால் முன்னங்கால்களைத் தரையை நோக்கி நீட்டும். இந்த எலி வயிற்றுப் பக்கமாகச் சுருண்டுகொள்ளும். தரை எந்தப் பக்கம் என்றே அதற்குத் தெரியவில்லை.

மனிதர்களில், இரண்டு உள்காதின் சமநிலை உணர்வையும் முழுதாக இழந்தவர்களை 2005இல் தாமஸ் பிராண்ட் குழு ஆராய்ந்தது. அவர்களின் ஹிப்போகேம்பஸ், மற்றவர்களைவிடச் சராசரியாக 16.9 சதவீதம் சுருங்கியிருந்தது. கணினித்திரையில் காட்டும் குளத்துக்குள் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கும் சோதனையில் தடுமாறினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கண் நன்றாகத் தெரிந்தும்! மற்ற நினைவுச் சோதனைகளில் குறை இல்லை.

ஆகவே உங்கள் நினைவாற்றல் மொத்தமாகப் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். அறுந்திருப்பது காதிலிருந்து மேலே போகும் செய்தி. மருத்துவரிடம் "ஞாபக மறதி" என்று மட்டும் சொன்னால் நினைவுச் சோதனையோடு அனுப்பிவிடக்கூடும். உள்காதின் சமநிலைச் சோதனையையும், அதற்கான உடற்பயிற்சி சிகிச்சையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கண்ணும் பாதமும் அந்த வேலையில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளப் பழகும். படுக்கையிலிருந்து கதவு வரை தரையோரமாக ஒரு சின்ன விளக்கு வரிசையை இன்றைக்கே வைத்துவிடுங்கள்.