யார் கணக்கில் எழுதியது? குமரப்பா பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் ஒரு பதிலின் நடுவே ஜே.சி. குமரப்பாவின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். பெரிய கம்பெனிகளை எதிர்த்த தமிழ்ப் பொருளாதார அறிஞர் என்பதுதான் அந்த வரி. வந்த கடிதங்களில் பாதி அவரைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் தங்க நகைச் சேமிப்பு, வாரிசுச் சான்றிதழ் கேள்விகளெல்லாம் காத்திருக்கட்டும்.

என் மகள் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். குமரப்பாவைக் கேட்டால் "சிலபஸில் இல்லை" என்கிறாள். எந்தக் கம்பெனியை அவர் எதிர்த்தார்?
(வாசகி, திண்டுக்கல்)

முதலில் கிழக்கிந்தியக் கம்பெனியை. அதுவும் அந்தக் கம்பெனி செத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு!

ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன். 1892ல் தஞ்சாவூரில் பிறந்தவர், ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தியவர். சூட், கோட் எல்லாம் உண்டு. 1927ல் அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மன், "இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதை அரசாங்கத்தின் வரவு செலவை வைத்தே ஆராய்ந்து பார்" என்று தூண்டிவிட்டார். பார்த்தார். வரி வாங்குவது விவசாயியிடம், செலவு போவது ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் அதிகாரிகள் சம்பளத்துக்கும் என்று புரிந்தது. 1929ல் அந்த ஆராய்ச்சியோடு காந்தியைச் சந்தித்தார். காந்தி அதைத் தம் 'யங் இந்தியா'வில் தொடராகப் போட்டார். கார்னீலியஸ், குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவுக்குத் திரும்பினார்.

1931ல் காங்கிரஸ் ஒரு குழு போட்டது. இந்தியாவின் தலையில் ஏற்றி வைத்திருக்கும் 'பொதுக் கடன்' உண்மையிலேயே யாருடைய கடன் என்று பார்ப்பதுதான் வேலை. அதில் குமரப்பாவும் இருந்தார். நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் குழு கிளறிய கம்பெனி விவகாரத்தைப் படிக்கும்போது இப்போதும் கை பரபரக்கிறது. 1833ல் லண்டன் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, கம்பெனியின் வியாபாரத்தை நிறுத்தியது. சரி, வியாபாரம் இல்லையென்றால் லாபம் ஏது, பங்குதாரருக்கு ஈவுத்தொகை ஏது? அதே சட்டம் அதற்கும் வழி சொன்னது. வருடம் பத்தரை சதவீதம், இந்தியாவின் வருவாயிலிருந்து. 1858ல் ஆட்சியே கம்பெனியின் கையை விட்டுப் போன பிறகும் அது நிற்கவில்லை. 1874ல்தான் கணக்கை முடித்தார்கள். அப்போதும் 100 பவுன் பங்குக்கு 200 பவுன் என்று இரட்டிப்பாகக் கொடுத்து முடித்தார்கள். நம்மைப் பிடித்த கம்பெனியின் பங்குகளுக்கு நாமே நாற்பது வருடம் ஈவு கொடுத்திருக்கிறோம்.

தணிக்கையில் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தச் செலவை யார் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்? குமரப்பா வாழ்நாள் முழுக்கக் கேட்டதும் அதுதான்.

நெய்வேலிப் பக்கம் இருக்கிறேன். 'நிலைத்த பொருளாதாரம்' என்று அவர் சொன்னது எங்களைப் போன்ற சுரங்க ஊருக்குப் பொருந்துமா?
(வாசகர், கடலூர் மாவட்டம்)

உங்கள் ஊருக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். ஆனால் நெய்வேலி நிறுவனம் வந்தது 1956ல், அவர் 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' எழுதியது அதற்கு முன்பு, ஜபல்பூர் சிறையில். 1945ல் வெளிவந்தது.

அதில் அவர் இயற்கையின் செல்வத்தை இரண்டாகப் பிரிக்கிறார். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது எல்லாம் இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். ஆற்றில் ஓடும் நீர், காட்டில் வளரும் மரம் இவை ஓட்டம். வளர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் தீராது. முதல் வகையை நம்பிய பொருளாதாரம் தற்காலிகமானது, இரண்டாவதை நம்பியது நிலைத்தது. அவ்வளவுதான் அடிப்படை. அப்புறம் அவர் சேர்க்கும் ஒரு விஷயம்தான் முக்கியம்: இருப்புக்காகத்தான் சண்டை வரும். எண்ணெய்க் கிணறு இருக்கும் இடத்துக்குக் கப்பற்படை வரும். ஓடும் நீருக்குச் சண்டையே வராதா என்று காவிரிக்காரன் நான் கேட்கலாம்தான். அந்த இடத்தில் அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் கணக்கு சரி. சொந்த நிலத்தில் பாதியை விற்று, வந்த பணத்தை 'இந்த வருட வருமானம்' என்று எழுதிக்கொண்டு வருகிற சங்கத்தை நான் விட்டுவிடுவேனா? அது மூலதனம், வருமானம் இல்லை. பூமிக்கடியில் இருப்பதைத் தோண்டி விற்று, முழுவதையும் லாபத்தில் எழுதும் கம்பெனிகளின் லாப நட்டக் கணக்கை மட்டும் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். இதே குற்றச்சாட்டை 1973ல் பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' நூலில் வைத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அவரோ பிரிட்டிஷ் நிலக்கரி வாரியத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்த நூலில் குமரப்பாவைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறார்.

கம்பெனி எதிர்ப்பு என்றால் கம்யூனிஸ்டா?
(வாசகர், திருப்பூர்)

இல்லை. உற்பத்தி ஒரே இடத்தில் குவிந்தால், முதலாளி தனியாளா அரசாங்கமா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். ரயில், மின்சாரம் மாதிரி குவித்தே ஆக வேண்டியவற்றை லாப நோக்கமில்லாமல் அரசு நடத்தட்டும் என்றார். ஐம்பதுகளில் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போய் வந்து, சிலதைப் பாராட்டியும் பேசினார். அதனால் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 1949ல் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழு அவர் தலைமையில், உழுகிறவனுக்கு நிலத்தில் உரிமை வேண்டும், நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு அவரை என்ன பெயர் சொல்லித் திட்டினால் என்ன?

நான் ஒருத்தி ஒரு பொருளை வாங்காமல் விட்டால் பெரிய கம்பெனிக்கு என்ன ஆகிவிடும்? நடைமுறையில் சொல்லுங்கள் ஐயா.
(வாசகி, கோயம்புத்தூர்)

கம்பெனிக்கு ஒன்றும் ஆகாதம்மா. குமரப்பாவும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. அவர் கேட்டது கம்பெனியைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு கோகோ டப்பா. மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டத்தில், உள்ளூர் மக்களைக் கட்டாய வேலை வாங்கி விளைவித்தது. கப்பற்படை காவல் காக்கும் கடலில், குறைந்த கூலி பெறுகிறவர்கள் ஓட்டும் கப்பலில் வந்தது. இங்கிலாந்தில் தூளாகி, நம் நாட்டுக்குள் சுங்கச் சலுகையோடு நுழைந்தது. அந்த டப்பாவைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர், வழியில் நடந்த அத்தனைக்கும் பங்காளி என்கிறார். விலைச்சீட்டில் இருப்பது ரூபாய் அணா மட்டும். மற்ற செலவெல்லாம் வேறு யாரோ கணக்கில் ஏறியிருக்கிறது.

பழங்கதை என்று தள்ள முடியாது. இன்றும் உலகின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. தோட்டங்களில் குழந்தைத் தொழிலாளரின் மிக மோசமான வடிவங்களை 2005க்குள் ஒழிப்போம் என்று பெரிய சாக்லேட் கம்பெனிகள் 2001ல் அமெரிக்காவில் கையெழுத்துப் போட்டன. கெடு வந்தது, தள்ளிப் போனது, மறுபடி தள்ளிப் போனது. குழந்தைகள் இன்னும் தோட்டத்தில்தான்.

அவர் சொன்ன தீர்வு, எப்படிச் செய்தார்கள் என்று நீங்களே போய் விசாரிக்கக்கூடிய தூரத்திலிருந்து முடிந்தவரை வாங்குங்கள் என்பது. எல்லாப் பொருளுக்கும் முடியாது. இந்தப் பதிலைத் தட்டச்சு செய்யும் கணினிக்கு முடியவில்லை. ஆனால் எண்ணெய், வெல்லம், அரிசி, கைத்தறித் துண்டு, செருப்பு? கோயம்புத்தூரில் இருந்துகொண்டு முடியாது என்று சொல்லாதீர்கள். பக்கத்து ஊர்க்காரன் யோக்கியன் என்றும் அர்த்தமில்லை. நெசவாளர் கூலியிலிருந்தே வண்டி வாடகையைப் பிடித்துக்கொண்ட ஒரு சங்கத்தை நானே தணிக்கை செய்திருக்கிறேன். ஆனால் அங்கே போய்ச் சத்தம் போட முடிந்தது.

அரிசி ஆலையையே வேண்டாம் என்றாராமே? மறுபடி உலக்கையைத் தூக்கச் சொல்கிறீர்களா?
(வாசகி, நாமக்கல்)

கோபம் நியாயமானது. வார்தாவில் 1934 கடைசியில் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் குமரப்பா. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியை எதிர்த்து, கைக்குத்தல் அரிசிக்காக அந்தச் சங்கம் மல்லுக்கட்டியது. சத்துக் கணக்கில் அவர் சொன்னது உண்மை. தீட்டும்போது தவிட்டோடு பி1 வைட்டமின் போய்விடும். அதையே நம்பிச் சாப்பிட்டால் பெரிபெரி நோய் வரும். நம் ஊர்ப் புழுங்கல் அரிசி கொஞ்சம் தப்பித்தது, நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து உள்ளே இறங்கிவிடுவதால்.

ஆனால் குத்தியது யார்? பெண்கள். விடியற்காலையில், கூலியில்லாமல். கூலிக்குக் குத்திய பெண்களின் பிழைப்பு ஆலையால் போனது என்ற அவர் வாதம் புரிகிறது. வீட்டில் சும்மா குத்தியவர்களின் உழைப்பை அவர் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம். ஆலை வந்ததும் எங்கள் வீட்டுப் பெண்கள் உலக்கையைப் பரணில் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்கு ஒரு சிறிய இயந்திரம், அதிகம் தீட்டாமல், ஊர்க்காரர்கள் கையில் என்றால் எனக்குச் சம்மதம்.

இப்போது கம்பெனிகளே சமூகப் பொறுப்பு நிதி கொடுக்கின்றனவே. குமரப்பா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா?
(வாசகர், ஓசூர்)

2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை வருகிறது, நல்லது. அவர் மீதி 98க்கு வவுச்சர் கேட்டிருப்பார்.

அவர் புத்தகத்தை எடுத்தேன், பாதியில் வைத்துவிட்டேன். கஷ்டமாக இருக்கிறது.
(வாசகர், காரைக்குடி)

காந்திக்கே அப்படித்தான். இரண்டு மூன்று முறை கவனமாகப் படித்தால்தான் முழுமையாகப் பிடிபடும் என்று 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' முன்னுரையிலேயே எழுதிவிட்டார். உயிரினங்களை வைத்து அவர் பொருளாதாரத்தை வகை பிரிக்கும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். கொன்று தின்னும் புலி, தான் நடாத தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீ, பதிலுக்கு ஒன்றும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை. படிக்கும்போது புலி, குரங்கு பக்கத்தில் ஓரமாக எந்தெந்தக் கம்பெனியின் பெயரை எழுதத் தோன்றுகிறதோ எழுதிக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகமாக இருந்தால் பென்சிலால்.