தினமும் பதினைந்து சைட் திறக்கிற அண்ணனுக்கு

கேள்வி: தம்பி, போடியில் ஏலக்காய் வியாபாரம் பண்ணுகிறேன். தோட்டம் மேலே இடுக்கியில். காலையில் எழுந்தால் ஏல விலை, மலையாளப் பத்திரிகைகளின் இடுக்கிச் செய்தி, ஏலச்செடி நோய் பற்றி எழுதுகிறவர்கள் என்று பதினைந்து சைட்டாவது திறந்து பார்க்கிறேன். பாதி நாள் எதிலும் புதுசாக ஒன்றும் இருக்காது. வாட்சப்பில் வருவதை நம்ப முடியவில்லை. 'ஃபீட் வையுங்கப்பா, எல்லாம் ஒரே இடத்துக்கு வரும்' என்கிறான் மகன். அது என்ன ஏற்பாடு?
- ஒரு வியாபாரி, போடிநாயக்கனூர்

பதில்: மகன் சொல்வது சரிதான், அண்ணே. ஏலத்துக்கு முன்னால் உங்கள் கைக்கு லாட் பட்டியல் வருகிறதல்லவா, அது மாதிரி பல சைட்டுகள் தம்மிடம் புதிதாக வந்ததற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும். தலைப்பு, தேதி, நாலு வரி, லிங்க், அவ்வளவுதான். அந்தப் பட்டியல்தான் ஃபீட். ரீடர் என்கிற ஆப் உங்களுக்காகப் பதினைந்து பட்டியலையும் அவ்வப்போது போய்ப் பார்த்து, புதுசை மட்டும் தேதி வரிசையில் அடுக்கித் தரும். நடுவில் யாரும் உட்கார்ந்து 'உங்களுக்குப் பிடிக்கும்' என்று எதையும் திணிப்பதில்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

ஆண்ட்ராய்டு போனுக்கு ஃபீடர் என்ற ஆப் போதும். இலவசம், கணக்கு எதுவும் திறக்க வேண்டாம். போனில் படித்தது கடைக் கம்ப்யூட்டரிலும் படித்ததாகத் தெரிய வேண்டுமென்றால் ஃபீட்லி, இனோரீடர் மாதிரி கணக்கு வைத்துப் பயன்படுத்துகிறவை நல்லது. சைட்டின் முகவரியை அப்படியே ஒட்டுங்கள். பெரும்பாலும் ஃபீடை ஆப்பே தேடிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் 'feed' என்று அடித்துப் பாருங்கள். வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில் ஓடுகிற சைட் என்றால் அனேகமாக வந்துவிடும். சில பத்திரிகைகள் முழுச் செய்தி தராமல் இரண்டு வரியோடு நிறுத்திவிடும். மீதிக்கு சைட்டுக்குத்தான் போக வேண்டும்.

நம் பக்கத்தில் மலையாளம் சரளமாகப் பேசுகிற பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நான் கம்பத்துக்காரன், எனக்கும் அதே கதைதான். ஃபீடரில் செய்தியை வாசித்துக் காட்டும் வசதி உண்டு. போனில் மலையாளக் குரலை இறக்கி வைத்துக்கொண்டால் காதால் கேட்டுவிடலாம். உச்சரிப்பு கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், விஷயம் புரிந்துவிடும்.

ஏல விலை மட்டும் வேறு சங்கதி. ஸ்பைசஸ் போர்டு சைட்டில் அது ஒரு அட்டவணை: தேதி, ஏலக் கம்பெனி, லாட், வரத்து கிலோ, அதிகபட்ச விலை, சராசரி. இப்படி ஒரே பக்கத்தில் வரி மட்டும் ஏறுகிற இடங்களுக்கு, பக்கம் மாறினால் தகவல் சொல்லும் டிஸ்டில், விஷுவல்பிங் போன்றவை பொருந்தும். அட்டவணை இருக்கும் பகுதியை மட்டும் குறித்துக் கொடுங்கள். இல்லையென்றால் விளம்பரம் மாறினாலும் மெயில் வரும்.

இன்னொன்று. ஃபீட் அவசரத்துக்கு ஆகாது. ஆப் எத்தனை மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறதோ, அத்தனை தாமதம் இருக்கும். மழைக்காலத்தில் போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்ததா என்று தெரிய, மேலேயிருந்து இறங்குகிற ஜீப் டிரைவருக்குப் போன் போடுங்கள்.

கேள்வி: சார், கூகுள் ரீடரை மூடியபோதே இதெல்லாம் செத்துவிட்டதே? இப்போது எதற்கு?
- ஓர் ஆசிரியர், குமுளி

பதில்: கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடியது உண்மை. 2018-இல் ஃபயர்பாக்ஸ் பிரவுசரும் தன்னிடம் இருந்த ஃபீட் வசதியை எடுத்துவிட்டது. ஆனால் மூடியது கடைதான் சார், சரக்கு அப்படியே இருக்கிறது. 1999-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் பிறந்த, ஃபீடை எழுதப் பயன்படும் ஆர்.எஸ்.எஸ். என்ற கோப்பு வடிவம் எந்தக் கம்பெனியின் அனுமதியிலும் ஓடவில்லை. நீங்கள் பஸ்ஸில் கேட்கிற பாட்காஸ்ட் உங்கள் ஆப்புக்கு வந்து சேருவதே பெரும்பாலும் இந்த ஃபீட் வழியாகத்தான். ரீடரை மாற்ற நேர்ந்தால், நீங்கள் சேர்த்திருக்கும் ஃபீட்களின் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்ற கோப்பாக வெளியே எடுத்து அடுத்த ஆப்பில் போட்டுவிடலாம். மாதம் ஒருமுறை எடுத்து வையுங்கள். ஃபேஸ்புக் பக்கத்தையோ வாட்சப் குரூப்பையோ இப்படித் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

கேள்வி: அண்ணா, ஃபீட் வைத்த ஒரே வாரத்தில் படிக்காதது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பார்த்தாலே பயமாக இருக்கிறது.
- தேர்வுக்குப் படிக்கும் மாணவி, கூடலூர்

பதில்: முழு நாளிதழையும் சேர்த்திருப்பாய், தங்கச்சி. அதை எடுத்துவிடு. கல்விப் பக்கத்துக்குத் தனி ஃபீட் இருந்தால் அது போதும். எப்போதாவது எழுதுகிறவர்களை மட்டும் வைத்துக்கொள், ஃபீடே அவர்களுக்காகத்தான். அந்த ஆயிரத்துக்கு 'எல்லாம் படித்தாயிற்று' என்றொரு பட்டன் இருக்கிறது. தைரியமாக அழுத்து.