குளிர்காலத்தில் ஹீட்டர் செலவைக் குறைப்பது எப்படி? கேள்விகளும் பதில்களும்

வீட்டுச் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. குளிர் தொடங்கியதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் “எந்த ஹீட்டர் வாங்கலாம்?” என்பதுதான். ஓட்டைக் குடத்தை நிரப்ப இன்னொரு குழாய் தேடுவதற்கு முன்னால் ஓட்டையை அடைத்துவிடுவோம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அண்ணா, ஹீட்டர் நாள் முழுக்க ஓடுது. தலைக்கு மேல சூடா இருக்கு, கால் மட்டும் ஜில்லுனு இருக்கு. ஹீட்டர் பத்தலையா?

ஹீட்டர் போதும். வீடுதான் புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. சூடான காற்று லேசானது, மேலே ஏறும். மேலே பரண் மூடியைச் சுற்றியோ கூரை விளக்குக் குழிகளிலோ இடைவெளி இருந்தால் அந்த வழியாக நழுவிவிடும். அது போன இடத்தை நிரப்பக் கீழே கதவடி, ஜன்னலடி, குழாய் துளை வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். அந்தக் காற்றுதான் உங்கள் காலில் படுகிறது.

காற்று வீசும் நாளாகப் பார்த்து, ஜன்னல் கதவுகளை எல்லாம் மூடிவிட்டு, குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களைப் போடுங்கள். கணப்பு, கேஸ் பாய்லர் போன்றவை அப்போது அணைந்திருக்கட்டும். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, திரைச்சீலைகளை ஒதுக்கிவிட்டு, விளிம்புகளை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே சாய்கிறதோ அங்கே ஓட்டை. வெளிச்சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட், சிங்க்குக்கு அடியில் குழாய் போகும் துளை, இவற்றை யாரும் பார்ப்பதில்லை. அசையாத விரிசலுக்கு சிலிக்கோன் பசை, திறந்து மூடும் இடத்துக்கு ஃபோம் டேப் அல்லது ரப்பர் பட்டை, கதவடிக்கு பிரஷ் பட்டை.

முதலில் மேலே இருக்கும் இடைவெளிகளை அடைத்துவிடுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் மூன்று ஹீட்டர் ஓடியும் குழந்தைகள் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பரண் மூடியைச் சுற்றி விரல் நுழையும் அளவு சந்து. அதை அடைத்த பிறகு ஒரு ஹீட்டரை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன் பஞ்சு போடுவதும் அதற்குப் பிறகுதான். இடைவெளியை அடைக்காமல் மேலே பஞ்சை விரித்தால் காற்று அதற்குள்ளே புகுந்து போய்க்கொண்டே இருக்கும்.

கேள்வி: வீட்டுச் சூட்டை செட் பண்ற தெர்மோஸ்டாட்டை ராத்திரியில குறைச்சா, காலையில திரும்ப சூடாக்க அதைவிட அதிகமா செலவாகும்னு சொல்றாங்களே?

இதை நம்பித்தான் பலர் வீணாகக் கட்டுகிறார்கள். வீடு இழக்கும் சூடு, உள்ளேயும் வெளியேயும் இருக்கும் வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 0 டிகிரி, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 20. உள்ளே 16 ஆகிவிட்டால் வித்தியாசம் 16, இழப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. காலையில் சுவரையும் சாமான்களையும் திரும்பச் சூடாக்கச் செலவாகும், உண்மை. ஆனால் அவை ஆறும்போது விட்ட சூடு, அந்த நேரம் ஹீட்டர் ஓடாமல் மிச்சப்படுத்திய சூடுதான். அது கணக்கில் சரிக்குச் சரி. வித்தியாசம் குறைந்த மணி நேரங்கள் உங்களுக்கு லாபம்.

ஒரே ஒரு டிகிரி குறைத்தாலும் இதே கணக்குதான்: 20லிருந்து 19 என்றால் வெளியே 0 இருக்கும் நாளில் 5 சதவீதம்.

கேள்வி (அவரே): எங்க வீட்டுல ஹீட் பம்ப், வெளியே இருக்குற சூட்டை உள்ள இழுத்துத் தர்ற மெஷின். அதுக்கும் இதேதானா?

இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நல்லவேளை சொன்னீர்கள். ஹீட் பம்ப்புக்கு இரவில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் குறைக்காதீர்கள். காலையில் சட்டென்று ஏற்றச் சொன்னால் பல மாடல்களில் துணைக்கு இருக்கும் மின்சாரச் சுருள் ஓட ஆரம்பித்துவிடும். பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 முதல் 4 யூனிட் சூடு தரும். சுருள் தருவது ஒன்றுக்கு ஒன்று.

கேள்வி: ஆயில் ஹீட்டர், செராமிக், இன்ஃப்ராரெட். எது கரண்டைக் குறைவா இழுக்கும்?

மூன்றும் ஒன்றுதான். ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு. விலை கூடிய ஹீட்டராலும் அதற்கு மேல் தர முடியாது. 1500 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட். “பாதி கரண்டில் முழுச் சூடு” என்று விளம்பரம் செய்யும் சின்ன ஹீட்டர்களை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு, நேரே உடம்பில் படும் இன்ஃப்ராரெட் பொருத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: வாடகை வீடு, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். ஓனர் மாத்தித் தர மாட்டார். என்ன செய்யலாம்?

2 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி, 20 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 220 வாட் சூட்டை வெளியே விடும். இரட்டைக் கண்ணாடி என்றால் ஏறக்குறைய பாதி. ஜன்னல் சட்டத்தில் டேப்பால் ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டி இறுக்கும் பிளாஸ்டிக் தாள் கிடைக்கிறது. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் நிற்கும் காற்றுதான் வேலை செய்கிறது. போகும்போது உரித்துவிடலாம். இரவில் கனமான திரை போடுங்கள், ஆனால் வெந்நீர் ஓடிச் சூடு தரும் ரேடியேட்டரை மூடித் தொங்க வேண்டாம். பகலில் வெயில் விழும் ஜன்னலில் திரையை முழுக்க விலக்குங்கள்.

கேள்வி: எல்லாத்தையும் அடைச்சோம். இப்ப கண்ணாடியில தண்ணி வழியுது, மூலையில கருப்பா பூஞ்சை. ஜன்னலைத் திறந்தா சூடு போயிடுமே?

திறங்கள், பயப்படாதீர்கள். 50 கன மீட்டர் அறையின் காற்று முழுவதையும் 0லிருந்து 20 டிகிரிக்குச் சூடாக்க மூன்றில் ஒரு பங்கு யூனிட்தான் ஆகும். மீதிச் சூடெல்லாம் சுவரிலும் சாமான்களிலும் இருக்கிறது. எதிரெதிர் ஜன்னல்களை 5 முதல் 10 நிமிடம் அகலத் திறந்து மூடிவிடுங்கள். நாள் முழுக்க ஒருவிரல் அளவு திறந்து வைப்பதுதான் சுவரையே ஆற வைக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். அறைக்குள் துணி காயப்போட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.7 யூனிட் சூட்டை எடுத்துக்கொள்ளும். பீரோவை வெளிச்சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், பின்னால் காற்று போகட்டும். அப்புறம், காற்றோட்டத்துக்கென்றே கட்டியபோது வைத்த துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

கேள்வி: கேஸ் அடுப்பைப் பத்த வெச்சு, சமையலறைக் கதவைத் திறந்து விட்டா ஹால் சூடாயிடுது. தப்பா?

தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். கரி அடுப்பும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். எரிபொருள் எரியும் எந்தச் சாதனம் வீட்டில் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை இந்த வாரமே மாட்டுங்கள்.

கேள்வி: எங்க வீட்டுல கண்டென்சிங் பாய்லர், அதாவது ரேடியேட்டருக்கு வெந்நீர் அனுப்புறதோட புகையில போற சூட்டையும் திரும்பப் பிடிக்கிற வகை. 75 டிகிரியில செட் பண்ணியிருக்காங்க. மாத்தலாமா?

மாற்றுங்கள், நயா பைசா செலவில்லாத வேலை. ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தன் சூட்டைத் திருப்பித் தரும். ரேடியேட்டருக்குப் போகும் நீரை 60க்கு இறக்கிப் பாருங்கள். வீடு சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். தொட்டியில் வெந்நீர் சேமிக்கும் வீடென்றால் தொட்டியின் சூட்டை மட்டும் 60க்குக் கீழே இறக்காதீர்கள், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரலாம்.

கேள்வி: பயன்படுத்தாத ரூமை முழுசா மூடிடலாமா?

குறைக்கலாம், அடியோடு அணைக்க வேண்டாம். பூஞ்சை பிடிக்கும், கடும் குளிரில் குழாய் உறைந்து வெடிக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயசு. பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அணைச்சிட்டு கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கார். என்ன சொல்றது அவர்கிட்ட?

அவரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்: அவர் இருக்கும் அறை 18 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லும் அளவு அது, முதியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. குளிரில் இரத்த அழுத்தம் ஏறும். வயதானால் குளிர்கிறது என்ற உணர்வும் மழுங்கிவிடும், அதனால் “எனக்குக் குளிரல” என்று அவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். சேமிப்பை ஆள் இல்லாத அறைகளில் பாருங்கள். படுக்கைக்கு மின்சாரக் கம்பளி வாங்கிக் கொடுங்கள். 100 வாட் அளவுதான் இழுக்கும், அவர் பயப்படும் ஹீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு. தானாக அணையும் டைமர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் மாதப் பில்லை நீங்களே அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.