அயர்லாந்து மலைச் சைக்கிள் பாதைகளில் மரப்பலகை எதற்கு?

மலைச் சைக்கிள் பாதை என்பது காட்டுச் சரிவில் சைக்கிளுக்கென்றே வெட்டிய ஒற்றையடிப் பாதை. அயர்லாந்தில் பாலிஹூரா, விக்லோ பக்கம் பாலினஸ்டோ இரண்டும் பேர்போனவை. வழியில் திடீரென்று நீளமான பலகைப் பாலம் வரும். கீழே ஆறும் இருக்காது, ஓடையும் இருக்காது.

காரணம் மண்தான். அங்கே குன்றுகளின் மேல் பல இடங்களில் கிடப்பது பீட்: அரைகுறையாக மக்கிய பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது. மழைக்கோ பஞ்சமில்லை. தண்ணீரில் ஊறிய பஞ்சு மெத்தை மாதிரி, டயர் ஏறினால் அமுங்கும். தடம் பள்ளமாகும், பள்ளத்தில் மழைநீர் ஓடி இன்னும் அரிக்கும். அதனால்தான் கல் பரப்புகிறார்கள், அது தாங்காத இடத்தில் பலகை. சரி, பலகையும் ஈரத்தில் வழுக்குமே? அதற்குத்தான் மேலே கம்பி வலை அடிப்பது.

அப்புறம், பாதையில் சிவப்பு, கறுப்புக் குறியைப் பார்த்துத் 'தடை' என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கான அடையாளம்.