அமெரிக்க விடுதலைக்கு வழிவிட்ட குறுநூல்கள்: கேள்வி பதில்

பிரிட்டனின் 13 அமெரிக்கக் காலனிகளில் 1760களிலும் 1770களிலும் வந்த அரசியல் எழுத்துகளைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஐயா, "பாம்ஃப்லெட்" என்றதும் தேர்தல் நேரத்தில் கையில் திணிக்கும் நோட்டீஸ்தான் நினைவுக்கு வருகிறது. அப்படி ஒற்றைத் தாள்தானா இதுவும்?

இல்லை. சுவரில் ஒட்டும் ஒற்றைத் தாள்களும் அன்று இருந்தன, குறுநூல் வேறு. அச்சடித்த முழுத் தாளை மூன்று முறை மடித்தால் 8 இலை, 16 பக்கம். நம் அச்சகங்களில் ஒரு ஃபாரம் என்பார்களே, அதேதான். அப்படி மூன்று ஃபாரத்தை அடுக்கி, ஓரத்தில் நூலால் தைத்து, கெட்டி அட்டை போடாமல் விற்றால் 48 பக்கக் குறுநூல் ஆகிவிடும். செய்தித்தாளில் அடங்காத வாதத்தை இதில் விரித்து எழுதலாம். புத்தகம் போல் பைண்டிங் செலவும் இல்லை.

வேலைக் கணக்கையும் பாருங்கள். 48 பக்கத்தில் 1,000 பிரதி என்றால் 3,000 தாள். இரு பக்கமும் அடிக்க 6,000 முறை அச்சிட வேண்டும். மரக் கையச்சில் ஒருவர் மை ஒற்ற, மற்றவர் பிடியை இழுக்க, மணிக்கு 200 முறை அச்சிடலாம் என்று வைத்துக்கொண்டால் 30 மணி நேரம். அச்சுக்கோப்பு தனி. தாளை நனைத்துத்தான் அடிக்க வேண்டும் என்பதால் அடித்தபின் கொடியில் போட்டுக் காயவைக்கும் நாளும் தனி.

கேள்வி: அச்சகக்காரர்கள் ஏன் முதலில் கொதித்தார்கள்? வரி எல்லோருக்கும்தானே?

1765இன் முத்திரை வரிச் சட்டம் நேராக அவர்கள் அடுப்பில் கை வைத்தது. செய்தித்தாளின் ஒவ்வொரு பிரதிக்கும் அரைத் தாளானால் அரைப் பென்னி, முழுத் தாளானால் ஒரு பென்னி. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங். பஞ்சாங்கத்துக்கும் வரி, அச்சகத்துக்கு ஆண்டுதோறும் உறுதியான வருமானம் தந்தது அதுதான். ஆங்கிலம் அல்லாத மொழி என்றால் இரட்டிப்பு. பென்சில்வேனியாவின் ஜெர்மன் அச்சகங்களுக்கு இது பேரிடி. சட்டம் நவம்பர் 1இல் நடைமுறைக்கு வரவிருக்க, முந்தைய நாள் பிலடெல்பியாவின் பென்சில்வேனியா ஜர்னல் என்ற செய்தித்தாள் தன் முதல் பக்கத்தையே கல்லறைக் கல் போல அமைத்து வெளியிட்டது. 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை எழுத்தில் எதிர்க்கும் பழக்கம் அச்சகங்களை விட்டுப் போகவில்லை.

கேள்வி: சார், "காமன் சென்ஸ்" என்ற புகழ்பெற்ற குறுநூலை எழுதிய தாமஸ் பெயினுக்கு முன்பு பெரிய எழுத்தாளர் யாருமே இல்லையா?

ஜான் டிக்கின்சன் இருந்தார். "பென்சில்வேனியா விவசாயி" என்ற புனைபெயரில் 1767 டிசம்பர் முதல் 12 கடிதங்கள் எழுதினார். உண்மையில் அவர் வழக்கறிஞர். வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சுங்கம் செல்லும், வருமானத்துக்காகப் போடும் வரி செல்லாது என்று கோடு கிழித்தார். காலனிகளின் பெரும்பாலான செய்தித்தாள்கள் அக்கடிதங்களை மறுபதிப்புச் செய்தன. ஆனால் அவர் கேட்டது உரிமையை, பிரிவை அல்ல. 1776இல் விடுதலைப் பிரகடனத்தில் அவர் கையெழுத்திடவில்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கிறது. கடிதங்களைப் படித்தவர்களுக்கு இருக்காது.

பாஸ்டனில் அரசியல்வாதி சாமுவேல் ஆடம்ஸ் செய்தது வேறு வகை. 1772இல் ஊர்க் கூட்டம் தொடர்புக் குழு ஒன்றை அமைத்து, உரிமைகளையும் மீறல்களையும் பட்டியலிட்ட குறுநூலை 600 பிரதி அடித்து மாசசூசெட்ஸ் ஊர்களுக்கு அனுப்பியது. ஒவ்வொரு ஊரும் கூடி, அதை வாசித்து, பதில் எழுத வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் எழுதின. வாசகரைப் பதில் எழுத வைத்தது என்பதாலேயே, எண்ணிக்கை குறைந்த இந்த 600 பிரதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: பெயினின் "காமன் சென்ஸ்" அப்படி என்ன புதிதாகச் சொன்னது?

அதுவரை எல்லோரும் நாடாளுமன்றத்தைத் திட்டிவிட்டு அரசரிடம் மனு போட்டார்கள். 1776 ஜனவரி 10 அன்று பிலடெல்பியாவில் வெளிவந்த இந்த நூல் அரசரையே கேள்வி கேட்டது. இங்கிலாந்தின் அரச குலம் எங்கிருந்து வந்தது? ஆயுதக் கூட்டத்தோடு வந்து இறங்கிய ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து. அதில் என்ன புனிதம்? ஒரு தீவு ஒரு கண்டத்தை என்றென்றும் ஆளும் என்பது எந்த நியாயம்? இவைதான் அவர் கேள்விகள். டிக்கின்சன் போல லத்தீன் மேற்கோள் எடுக்காமல், எல்லா வீட்டிலும் இருந்த பைபிளை எடுத்தார். இஸ்ரவேலர் அரசன் வேண்டுமென்று கேட்டபோது தீர்க்கதரிசி சாமுவேல் எச்சரித்த பகுதியை அப்படியே வைத்தார். அதைக் கேட்ட விவசாயிக்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை.

பலர் தாண்டிப் போகும் கடைசிப் பகுதியையும் விடாமல் படியுங்கள். 100 பீரங்கி கொண்ட கப்பல் ஒன்றுக்கு 35,553 பவுண்டு என்று தொடங்கி, வகைவாரியாகக் கப்பல் கட்டும் செலவுப் பட்டியல் போட்டிருக்கிறார். தார், மரம், இரும்பு, கயிறு எல்லாம் அமெரிக்காவிலேயே கிடைக்கும்போது கடற்படை ஏன் முடியாது என்று கேட்கிறார். பிரிந்தால் பிழைப்போமா என்ற பயத்துக்குக் கணக்கில் பதில் சொன்ன இடம் இது. வெளிநாட்டு அரசுகளுக்கு அறிக்கை வெளியிட வேண்டும் என்ற யோசனையும் இந்நூலில் உண்டு. ஆறு மாதத்தில் அதுவும் நடந்தது.

நேரமும் கூடி வந்தது. காலனிகளைக் கலகக்காரர்கள் என்று சாடிய பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜின் உரை ஏறக்குறைய அதே நாளில்தான் பிலடெல்பியாவை எட்டியது.

கேள்வி: எத்தனை பிரதி விற்றது? 5 லட்சம் என்றும் படித்திருக்கிறேன்.

5 லட்சத்தை நம்பாதீர்கள். மூன்று மாதத்தில் 1,20,000 என்று பெயின் சொன்னதுகூட அதிகம்தான் என்பது என் கருத்து. 1776இல் அமெரிக்காவில் வந்தவை சுமார் 25 பதிப்புகள். பதிப்புக்கு ஓராயிரம் முதல் மூவாயிரம் வரை என்று வைத்தால் 25,000க்கும் 75,000க்கும் இடையில் நிற்கும். 1,20,000 பிரதிக்கு, 48 பக்கக் கணக்கில், 3,60,000 தாள் வேண்டும். கந்தல் துணியிலிருந்து கையால் தாள் செய்த, அதற்கும் தட்டுப்பாடு இருந்த காலம் அது. பதிப்புகளும் பெரும்பாலும் வடக்கு, நடுக் காலனிகளில்தான் வந்தன.

இன்னொன்று: ஈய எழுத்து குறைவு என்பதால் அடித்து முடித்ததும் பிரித்து அறைகளில் போட்டுவிடுவார்கள். மறுபதிப்பு என்றால் முதலிலிருந்து அச்சுக்கோக்க வேண்டும். ஊருக்கு ஊர் நூலின் சொற்களில் வேறுபாடு வந்ததற்கு இதுதான் காரணம். மேற்கோள் எடுப்பவர்கள் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

கேள்வி: பெயின் பணம் சம்பாதித்தாரா?

இல்லை. முதலில் அச்சிட்ட ராபர்ட் பெல் 2 ஷில்லிங் விலை வைத்தார். லாபத்தில் தம் பங்கை கியூபெக் போகும் படைவீரர்களுக்குக் கையுறை வாங்கத் தருவதாகப் பெயின் சொல்லியிருந்தார். லாபமே இல்லை என்றார் பெல். சண்டை செய்தித்தாள் விளம்பரங்களில் வெடித்தது. பெயின் பிராட்ஃபோர்டு குடும்ப அச்சகத்தாரிடம் போய், விரிவாக்கிய பதிப்பைத் தம் செலவில் கொண்டுவந்தார். விலை பாதி: 1 ஷில்லிங். பதிப்புரிமையையும் விட்டுக்கொடுத்தார். நூல் பரவியதற்கு நடை ஒரு காரணம் என்றால், விலையும் இந்த விட்டுக்கொடுத்தலும் அதற்குச் சமமான காரணங்கள்.

கேள்வி: எதிர்த்தரப்பு எழுதவில்லையா?

எழுதியது, நன்றாகவே. ஆனால் பல நேரம் அச்சிட விடவில்லை. நியூயார்க்கில் அரசருக்கு ஆதரவான எழுத்தை அச்சிட்ட ரிவிங்டனின் அச்சகம் 1775 நவம்பரில் சூறையாடப்பட்டு ஈய எழுத்துகள் தூக்கிச் செல்லப்பட்டன. 1776 மார்ச்சில் பெயினுக்கு மறுப்பாகச் சாமுவேல் லூடன் அச்சிட்ட தாள்களைக் கும்பல் ஒன்று எடுத்துப்போய் எரித்தது. விடுதலைக்காக எழுதியவர்களை மதிக்கும் நாம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்?

மதுக்கடையிலும் படைமுகாமிலும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பெயினின் அடுத்த தொடரான "அமெரிக்கன் கிரைசிஸ்" 1776 டிசம்பரில், அமெரிக்கத் தளபதி வாஷிங்டனின் படை தோற்றுப் பின்வாங்கிய வேளையில் வந்தது. முதல் வரியிலிருந்தே உரக்க வாசிப்பதற்கென்று எழுதியது போன்ற சிறுசிறு வாக்கியங்கள்.

கேள்வி: இந்தியா பற்றி இவர்கள் ஏதாவது எழுதினார்களா, ஐயா?

எழுதினார்கள், நம்மில் பலர் கவனிக்காத பகுதி இது. 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரவிருந்தபோது, அதே டிக்கின்சன் "ரஸ்டிகஸ்" என்ற பெயரில் ஒரு கடிதம் வெளியிட்டார். ஆசியாவில் கம்பெனி நடந்துகொண்ட விதமே அது அமெரிக்கர்களிடம் எப்படி நடக்கும் என்பதற்குச் சான்று என்றார். வங்காளப் பஞ்சத்தில் ஒரே ஆண்டில் 15 லட்சம் பேர் மாண்டதாகச் சொல்லப்படுவதை எடுத்துக்காட்டி, விளைச்சல் பொய்த்ததால் அல்ல, உணவுப் பொருளைக் கம்பெனியார் முடக்கி விலையேற்றியதால் என்று குற்றம் சாட்டினார். இரவுக் காவலர்கள் நள்ளிரவுக்குப் பின் நேரம் கூவிச் செல்லும்போது, "கிழக்கிந்தியக் கம்பெனி, எச்சரிக்கை" என்றும் சேர்த்துக் கூவட்டும் என்பது அவர் யோசனை.