48,000 ரூபாய் ஏஐ பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் நைட்டி, சுடிதார் கடை வைத்திருக்கிறேன். கடையில் நானும் இரண்டு பெண்களும்தான். வருஷத்துக்கு 48,000 ரூபாய் கட்டினால் வாட்ஸப்பில் தானாகப் பதில் போகும், விளம்பரம் எழுதும், மாடல் படமும் போட்டுத் தரும் என்று ஒரு ஏஜென்ட் 'ஏஐ பேக்கேஜ்' கொண்டுவந்தார். இந்த வாரமே கட்டினால் 10,000 தள்ளுபடியாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவசரப்படுத்துகிற தள்ளுபடி அடுத்த மாதமும் வரும்.

'கடை மூடியிருக்கிறது, காலை 10 மணிக்குப் பேசுகிறோம்' என்று தானாகப் போவதற்கும், விலைப்பட்டியலை ஒரே தட்டில் அனுப்புவதற்கும் வாட்ஸப் பிசினஸ் ஆப்பே போதும். அது இலவசம், ஏஐ வேண்டியதே இல்லை.

விளம்பரம் எழுத சாட்ஜிபிடி அல்லது ஜெமினியின் இலவசக் கணக்கில் ஆரம்பியுங்கள். போதவில்லை என்றால் அப்புறம் மாதக் கட்டணத் திட்டத்துக்குப் போகலாம். சாட்ஜிபிடி கோ 2025 ஆகஸ்டில் இங்கே வந்தபோது மாதம் 399 ரூபாய். எதுவானாலும் மாதாமாதம் கட்டுங்கள், வருஷக் கணக்கில் வேண்டாம்.

'நைட்டிக்கு விளம்பரம் எழுது' என்று மொட்டையாகக் கேட்டால் எந்தக் கடைக்கும் பொருந்துகிற நாலு வரிதான் வரும். சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: 'ரேயான் துணி, எக்ஸ்எல் சைஸ், முன்பக்கம் ஜிப், ஒரு பாக்கெட், விலை 380. பாலூட்டும் தாய்மார்களுக்கு. ஐந்து வரி போதும். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே.' கடைசி வாக்கியம்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் ரேயானைச் சுத்தமான பருத்தி என்றும், சாயம் போகவே போகாது என்றும் அள்ளிவிடும். அதைச் சொல்லியிருந்தாலும் ஒருமுறை படித்துப் பார்த்தே அனுப்புங்கள். ஏமாற்று விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. ஏஐ எழுதியது என்று சொல்லித் தப்ப முடியாது.

வரி விவரத்தை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான ரெடிமேடுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. முன்பு 1,000 ரூபாய்தான் எல்லை. பழைய கணக்கையே அடித்துச் சொல்லிவிட வாய்ப்புண்டு.

மாடல் படம் எனக்குப் பிடிக்கவில்லை. முகம் அழகாக வரும், ஆனால் பூ டிசைன் பெரிதாகிவிடும், கழுத்து வேலைப்பாடு மாறிவிடும். 'படத்தில் இருந்தது இது இல்லை' என்று பார்சல் திரும்பினால் கூரியர் காசு உங்கள் தலையில். பின்னணியை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் சொல்லாத ஒன்று இருக்கிறது. கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் சரக்கு எடுப்பவர்கள் இருந்தால், பாக்கிப் பணத்தை உறவு கெடாமல் மலையாளத்திலோ தெலுங்கிலோ கேட்டு எழுத இந்தக் கருவிகள் கெட்டிக்காரத்தனமாக உதவும். தொகையையும் தேதியையும் சரிபார்த்து அனுப்புங்கள். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எதையும் உள்ளே போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் டிராவல்ஸ் வெப்சைட்டில் ஏஐ சாட்பாட் வைத்திருக்கிறோம். அது தப்பான கட்டணம் சொன்னால் பொறுப்பு யாருடையது?

பதில்: உங்களுடையதாகத்தான் இருக்கும். ஏர் கனடாவின் சாட்பாட், துக்க வீட்டுக்குப் போகும் பயணிக்கான சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டு வாங்கலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் செய்ததற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று அந்த நிறுவனம் வாதாடியும் பார்த்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்காமல், வட்டி, செலவு சேர்த்து சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. இந்திய நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் கட்டணம், ரீஃபண்ட் பற்றிய கேள்வி வந்தால் ஆளிடம் மாற்றிவிடும்படி சாட்பாட்டை அமைத்துவையுங்கள்.

கேள்வி: தையல் கடைக்காக இப்படி ஒரு பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டேன். விற்ற ஏஜென்ட் இப்போது போனே எடுப்பதில்லை. வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் புகார் எடுபடாதாமே?

பதில்: பொதுவாக அப்படித்தான். ஆனால் சொந்த உழைப்பில், பிழைப்புக்காக நடத்தும் சுயதொழிலுக்கு வாங்கியிருந்தால் சட்டம் உங்களையும் நுகர்வோராகவே பார்க்கும். பில், பணம் போன விவரம், அவர் வாக்குக் கொடுத்த வாட்ஸப் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ஆட்டோபே போட்டிருந்தால் முதல் வேலையாக அதை ரத்து செய்துவிடுங்கள்.