ஏழு நாளில் எத்தனை நாள்?

கேள்வி: அக்கா, வணக்கம். நான் ஜி1, அதாவது மிகச் சிறிய வகுப்புக் கட்டுமானக் குத்தகையாளர். தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை மாலை, ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறையைப் பழுதுபார்க்க செபுட் ஹர்கா (விலைப்புள்ளி) அறிவிப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை கட்டாய இடப்பார்வை, அடுத்த வியாழன் நண்பகல் 12 மணிக்கு விலை உறை போடும் பெட்டி மூடப்படும் என்று போட்டிருந்தார்கள். திங்கள்தான் தீபாவளி. இடப்பார்வைக்குப் போய் வந்தேன், ஆனால் விலை போட முடியாமல் விட்டுவிட்டேன். "7 நாள் கொடுத்தோம், விதிப்படி சரி" என்கிறார்கள். இது நியாயமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

தம்பி, நம்ம ஊர்க்காரர் என்பதால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

முதலில் விரல் விட்டு எண்ணிப் பார்ப்போம். காகிதத்தில் 7 நாள். சனி, ஞாயிறு, தீபாவளித் திங்கள் மூன்றும் போனால் நான்கு. வெள்ளிக்கிழமை கையில் தாள் இருந்தது, ஆனால் இடத்தைப் பார்க்காமல் என்ன விலை போடுவது? ஆக உங்களுக்கு நிஜமாகக் கிடைத்தது செவ்வாய் மதியம், புதன், வியாழன் காலை. இரண்டு ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதி என்று பார்த்தால் அவர்கள் சொல்வது தப்பில்லை. நம் மலேசியாவில் செபுட் ஹர்காவுக்கு 7 நாள், உள்நாட்டு டெண்டருக்கு 21 நாள், அனைத்துலக டெண்டருக்கு 56 நாள். ஆனால் இந்த மூன்று எண்ணுக்கும் முன்னால் 'குறைந்தது' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. 7 என்பது அதற்குக் கீழே இறங்காதே என்று போட்ட கோடு. நம்ம ஆட்கள் அதற்கு மேலே ஏறக்கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேலையின் அளவு, இடப்பார்வை, பெருநாள் எல்லாம் பார்த்து நாளைக் கூட்டித் தருவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் தட்டச்சுக் கடை வைத்திருந்த காலத்தில், குத்தகையாளர்களுக்கு இந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுத்தேன். அதில் பாதிப் பேர் ரப்பர் பால்வெட்டிகளின் பிள்ளைகள். கைவேலை தெரியும், காகிதம் கண்டால் பயம். ஒரு முறை ஓர் அண்ணன் இதே மாதிரி கழிப்பறை வேலைக்கான பி.கியூ. (வேலை அளவுப் பட்டியல்) தாளைக் கொண்டு வந்தார். 'கதவு 6' என்று அச்சாகியிருந்தது. பக்கத்திலேயே பென்சிலால் 8 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். இடப்பார்வையில் எண்ணிப் பார்த்தாராம். தரைக்குக் கீழே குழாய் உடைந்து நீர் ஊறியிருந்தது, அது தாளிலேயே இல்லை. ஆறுக்கு விலை போடுவதா, எட்டுக்கா? அலுவலகத்தில் கேட்டார், "பிறகு சொல்கிறோம்" என்றார்கள். அந்தப் பதில் வந்தபோது பெட்டி மூட ஒரு நாள்தான் இருந்தது. ஈப்போ ஹார்ட்வேர் கடைத் தவுக்கே குழாய் விலையை மறுநாள் சொல்வதாகச் சொன்னார். அண்ணன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போனவர்தான், அந்தப் பாரம் ரொம்ப நாள் என் மேசையிலேயே கிடந்தது.

குறுகின கெடு எல்லாருக்கும் ஒரே மாதிரி குறுகினது இல்லை. போன வருஷம் அதே கட்டடத்தில் வேலை செய்தவருக்குக் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும். அறிவிப்பு வரப்போகிற வாரம் தெரிந்தவருக்கு விலைப் பட்டியலும் முன்கூட்டியே கையில் இருக்கும். அவருக்கு இரண்டு நாளே தாராளம். புதிதாக வருகிறவருக்கு ஏழும் பற்றாது. அப்புறம் பெட்டியைத் திறந்தால் இரண்டே உறை கிடக்கும். இரண்டு பேர் மட்டும் போட்டி போட்டால் விலை இறங்குமா? நட்டம் உங்களுக்கு மட்டும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கும்தான்.

சரி, என்ன செய்திருக்கலாம்? செவ்வாய் மதியமே ஒரு கடிதம் போட்டிருக்க வேண்டும். "நேரம் போதவில்லை" என்று மொட்டையாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "7 நாளில் 3 நாள் விடுமுறை, இடப்பார்வைக்குப் பிறகு இவ்வளவுதான் மிச்சம், பி.கியூ.வில் இந்த வரிக்கும் இடத்துக்கும் பொருந்தவில்லை, இன்னும் 4 வேலை நாள் கொடுங்கள், எல்லாருக்கும் சேர்த்தே கொடுங்கள்" என்று எழுதுங்கள். அந்தக் கடைசிச் சொல் முக்கியம். உங்களுக்கு மட்டும் சலுகை கேட்கவில்லை என்பது அதில் தெரியும். பெட்டி மூடின பிறகு எழுதுவது வெறும் புலம்பல். அமெரிக்காவில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்: டெண்டர் அறிவிப்பிலேயே தெரிகிற குறையை மூடும் நேரத்துக்கு முன்னால் முறையிட வேண்டும், பிறகு வந்தால் தணிக்கை அலுவலகம் கேட்காது. கெடு போதாது என்பதும் அந்த மாதிரிக் குறைதான்.

கேள்வி: தமிழ்நாட்டில் இதற்கு எத்தனை நாள் கொடுக்கிறார்கள்? நாம் வெளிநாடுகளோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?
— வாசகி, பீடோர்

அங்கே 1998-இல் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. அதன் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரைக்கும் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள். தொகை பெருகினால் நாளும் பெருகுகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

பசிபிக் வட்டார நாடுகளின் சி.பி.டி.பி.பி. வர்த்தக ஒப்பந்தம் நமக்கு 2022 நவம்பர் 29-இல் நடப்புக்கு வந்தது. அதில் பொது விதி 40 நாள். இணையத்தில் அறிவித்து, ஆவணங்களையும் இணையத்தில் கொடுத்து, விலையையும் இணையத்திலேயே வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 5 நாள் குறைத்துக்கொள்ளலாம். நடுவில் நிபந்தனையை மாற்றினால், போட்டவர்கள் திருத்திக்கொள்ளப் போதிய நேரம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் பெரிய தொகைக்குத்தான், கழிப்பறைக் கதவுக்கு வராது. 2025 ஆகஸ்டில் நம் மக்களவையில் நிறைவேறிய அரசாங்கக் கொள்முதல் மசோதாவில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள். சின்ன ஆட்களுக்கு அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதைத்தான் நான் பார்க்கக் காத்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் 5 நிமிஷம் தாமதமாகப் போனதால் உறையை வாங்கவே மாட்டேன் என்றார்கள். மழை, வழியில் லோரி கவிழ்ந்து கிடந்தது. மனிதாபிமானம் வேண்டாமா?
— வாசகி, கோலகங்சார்

அம்மா, மன்னிக்க வேண்டும், இதில் நான் அந்த அலுவலகத்தின் பக்கம். எனக்கும் இது நடந்திருக்கிறது: 12:04-க்கு ஓடிப் போனேன், வழியில் சிலிப்பர் வேறு அறுந்துவிட்டது, பெட்டியில் இரண்டு பூட்டும் தொங்கின. அன்றைக்குக் கோபத்தில் சாப்பிடவில்லை. ஆனால் 12:04-க்கு எனக்குத் திறந்தால் 12:40-க்கு வருகிற பெரிய மனுஷனுக்கும் திறக்க வேண்டும், அதற்குள் அவர் மற்றவர்கள் போட்ட விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். நாளைக் கூட்டு என்று முன்கூட்டிக் கேட்பது வேறு, மூடின பிறகு திற என்பது வேறு.

இடப்பார்வைக்கும் அதே கதைதான். சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) சான்றிதழில் பெயர் உள்ளவர் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், தம்பியை அனுப்பினால் செல்லாது.

அடுத்த முறை முந்தின ராத்திரியே முத்திரை, கையெழுத்து எல்லாம் சரிபார்த்து உறையை ஒட்டிவிடச் சொல்லுங்கள். காலை 10 மணிக்கே பெட்டியில் போட்டுவிட்டு, எதிர்க்கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கட்டும்.